முப்பது குழந்தைகள், 1,036 ரூபாய்: திருமழபாடிக்கு ஒரு வானக் கணக்கு

சந்திரயான்-3 திட்டத்தின் செலவு 615 கோடி ரூபாய். 2021-22 யூடைஸ் கணக்குப்படி, மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை நாட்டில் படித்தவர்கள் 26.52 கோடி பேர். வகுத்தால் தலைக்கு 23 ரூபாய் 19 காசு வருகிறது. ஒரு மாணவர் பெயரில் நிலவுக்குப் போன தொகை அவ்வளவுதான். அதே அளவு பணத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக் குழந்தை வானத்தைக் கையால் அளந்து பார்க்க முடியுமா என்பதே இங்கு கேள்வி.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட ஊர் திருமழபாடி. அரியலூர் மாவட்டம், திருமானூர் ஒன்றியம், கொள்ளிடத்தின் வடகரை. அட்சரேகை சுமார் 10.9 பாகை வடக்கு, தீர்க்கரேகை சுமார் 79.05 பாகை கிழக்கு. பள்ளி என்பது 30 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொண்ட ஒரு மாதிரிப் பள்ளி. குழந்தைகள் ஐந்தைந்து பேராக 6 குழுக்கள். விலைகள் சில்லறைக் கடை நிலவரத்தை ஒட்டி நான் வைத்துக்கொண்டவை; 10 சதவீதம் ஏறலாம், இறங்கலாம்.

ஒருமுறை வாங்கினால் நிற்கும் பொருள்கள் முதலில். ஒரு மீட்டர் மூங்கில் குச்சி 6, 90 ரூபாய். தையல் டேப் 6, 90 ரூபாய். 25 மீட்டர் நைலான் கயிறு 100 ரூபாய். 6 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் பந்து ஒன்று 30 ரூபாய். கோலிக்குண்டு 12, 24 ரூபாய். பிளாஸ்டிக் பேசின் 3, 180 ரூபாய். ஆக 514 ரூபாய். ஆண்டுதோறும் தீர்ந்துபோகிறவை: கடுகு, கசகசா, ரவை, கொண்டைக்கடலை, நெல்லிக்காய் எல்லாம் சேர்த்து 60, கோலமாவு 2 கிலோ 40, பலூன் 30-க்கு 90, ட்வைன் நூல் 40, ஸ்ட்ரா 20, செல்லோ டேப் 2-க்கு 50, ஏ4 தாள் 60-க்கு 60, கறுப்பு சார்ட் 6-க்கு 72, கிரேயான் 3 பெட்டிக்கு 90. ஆக 522 ரூபாய். முதல் ஆண்டு மொத்தம் 1,036 ரூபாய், குழந்தைக்கு 34 ரூபாய் 53 காசு. கால்பந்து ஒன்று வேண்டும். அது பள்ளியின் விளையாட்டுச் சாமான்களில் இருக்கும் என்று வைத்து அதற்குச் சுழியம் போட்டிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு முதல் செலவு 522 ரூபாய் மட்டும். ஐந்து ஆண்டுக்கு 3,124 ரூபாய். ஓர் ஆண்டுச் சராசரி 624 ரூபாய் 80 காசு. குழந்தைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் 83 காசு. மேலே சொன்ன 23 ரூபாய் 19 காசைவிட 2 ரூபாய் 36 காசு குறைவு. ஒன்று ஒரே ஒருமுறை செலவான தொகை, மற்றது ஆண்டுதோறும் வருவது. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாமே ஒழிய, சமம் என்று சொல்லக்கூடாது.

இந்தப் பணம் பள்ளியில் இருக்கிறதா? சமக்ர சிக்ஷா திட்டத்தின் பள்ளி மானியம், 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000 ரூபாய். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 10,000-இல் 1,036 என்பது 10.4 சதவீதம், 25,000-இல் 4.1 சதவீதம். ஒரு குழந்தை கூடி 31 ஆனால் மானியம் இரண்டரை மடங்காகிறது, பொருள்செலவோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் கற்பித்தல் துணைக்கருவிக்கென்றே ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் இருந்தது. இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு 1,000 ரூபாய். நம் பட்டியலுக்கு 36 ரூபாய்தான் குறை.

மாநிலம் செய்துவருவதையும் எண்ணில் பார்க்க வேண்டும். 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் என்னும் அறிவியல் செயல்பாட்டுத் திட்டம் 13,210 அரசுப் பள்ளிகளுக்கு, 25 கோடி ரூபாய் மதிப்பில். பள்ளிக்குச் சராசரி 18,925 ரூபாய். கருத்தாளர்கள் 710 பேர்; ஒருவருக்கு 18.6 பள்ளிகள். நல்ல திட்டம், ஆனால் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரைதான். இஸ்ரோவின் யுவிகா முகாம் 2019, 2022, 2023, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் எடுத்த மாணவர்கள் முறையே 111, 153, 337, 320. கூட்டினால் நாடு முழுவதற்கும் 921 பேர், எல்லாரும் 9-ஆம் வகுப்பு. 1 முதல் 5 வரை படிக்கும் குழந்தை இரண்டு கணக்கிலும் இல்லை. தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் சுமார் 24,300. பள்ளிக்கு 1,036 ரூபாய் என்றால் 2 கோடியே 52 லட்சம். வானவில் மன்றத் தொகையில் பத்தில் ஒரு பங்கு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி, அதில் 0.0054 சதவீதம்.

செயல்களில் முதலாவது நிழல். நட்டுக்குத்தாக ஊன்றிய ஒரு மீட்டர் குச்சிக்கு, திருமழபாடியில் சூரிய உச்சிவேளை நிழல் டிசம்பர் 21 அன்று 68 செ.மீ., வடக்கே விழும். மார்ச் 20 அன்று 19 செ.மீ., அதுவும் வடக்கே. ஜூன் 21 அன்று 22 செ.மீ., ஆனால் தெற்கே. டெல்லியில் அதே ஜூன் 21-க்கு 9 செ.மீ. வடக்கே விழும்; அங்கே நிழல் ஒருநாளும் தெற்கே திரும்பாது, முழுதாக மறையவும் செய்யாது. திருமழபாடியில் ஆண்டுக்கு இருமுறை மறையும்: ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 24, 25-ஐ ஒட்டி ஒருமுறை. குச்சி நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும், செலவில்லை.

ஏப்ரல் 18 தேர்வுக் காலம். மிச்சம் ஆகஸ்ட். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் தரையிறங்கி விக்ரம் நிலவில் இறங்கியதால் அந்த நாள் தேசிய விண்வெளி நாள் ஆனது. நிழலில்லா நாளுக்கும் அதற்கும் இடையே ஓரிரு நாள். ஆகஸ்ட் 23 உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேரே இருந்து அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக விலகியிருக்கும், நிழல் சுமார் 9 மி.மீ. சூரிய வட்டமே அரைப் பாகை அகலம் என்பதால், ஒரு மீட்டர் குச்சியின் நிழல் விளிம்பு தரையில் 9 மி.மீ. அளவுக்கு மங்கித்தான் தெரியும். அளக்கிற நீளமும் அளவின் மங்கலும் ஒன்றே. ஆகவே விண்வெளி நாளன்றே இதைச் செய்தாலும் பிழை 1 செ.மீ.க்குள் அடங்கும். வேறு எந்த விழாத் தேதிக்கும் வானத்தில் இப்படி ஒரு தோதான நிகழ்ச்சி இந்த ஊருக்கு வாய்த்ததாக நான் பார்க்கவில்லை.

உச்சிவேளை 12.00 மணி இல்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. திருமழபாடி அதற்கு 3.45 பாகை மேற்கே. பாகைக்கு 4 நிமிடம் வீதம் 13.8 நிமிடத் தாமதம். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இன்னொரு திருத்தம் சேரும்: ஆகஸ்ட் 24-க்கு 12.16 மணி, பிப்ரவரி 11-ஐ ஒட்டி 12.28, நவம்பர் 3-ஐ ஒட்டி 11.57. ஆண்டுக்குள் 31 நிமிட வேறுபாடு. 12.00 முதல் 12.30 வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் 7 அளவுகள், 6 கழித்தல்கள். ஆகஸ்ட் 24 அன்று 12.01-க்கு நிழல் மேற்கே 6.4 செ.மீ., 12.16-க்கு ஏறக்குறைய இல்லை, 12.31-க்கு கிழக்கே 6.4 செ.மீ. ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு இது முதலில் கழித்தல், பிறகு சமச்சீர். மேகம் வந்தால் ஒன்றுமில்லை. ஒருநாள் தள்ளினால் நிழல் 6 மி.மீ. மாறும், அவ்வளவே. மதிய உணவும் இதே வேளையை ஒட்டித்தான் வருகிறது என்பது உண்மையான இடைஞ்சல்.

எரட்டோஸ்தனீஸ் 2,200 ஆண்டுக்கு முன் 7.2 பாகை வேறுபாட்டை, அதாவது முழுவட்டத்தில் 50-இல் ஒரு பங்கை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டார். ஆகஸ்ட் 24 உச்சிவேளையில் சென்னையில் ஒரு மீட்டர் குச்சிக்கு 3.5 செ.மீ. நிழல். அட்சரேகை வேறுபாடு 2.2 பாகை, தெற்கு வடக்குத் தூரம் 243 கி.மீ.; 360-ஐ 2.2-ஆல் வகுத்து 243-ஆல் பெருக்கினால் 39,764 கி.மீ. துருவம் வழியான உண்மைச் சுற்றளவு 40,008 கி.மீ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிழலில் 5 மி.மீ. தவறினால் கோணம் 0.29 பாகை தவறும். விடை 13 சதவீதம், அதாவது 5,000 கி.மீ.க்கு மேல் புரளும். அதே நாளில் டெல்லிப் பள்ளி ஒன்றிடம் கேட்டால் நிழல் 31.5 செ.மீ., வேறுபாடு 17.7 பாகை, அதே 5 மி.மீ. தவறு 1.5 சதவீதத்தில் நின்றுவிடும். குழந்தைகள் குச்சியையும் நிழலையும் தாளில் சிறிதாக வரைந்து கோணமானியால் அளந்தால் போதும். கூடுதல் செலவு இரண்டு தொலைபேசி அழைப்பு.

அடுத்தது பந்து. ஐந்தாம் எண் கால்பந்தின் சுற்றளவை டேப்பால் சுற்றி அளந்தால் ஏறக்குறைய 69 செ.மீ.; விட்டம் 22 செ.மீ. வகுத்தால் 3.14. அந்தப் பந்து பூமி என்றால் 6 செ.மீ. ரப்பர் பந்து நிலா. எங்கே வைப்பது என்று கேட்டால் குழந்தைகள் பக்கத்திலேயே வைப்பார்கள். பாடநூல் படங்களில் அப்படித்தான் இருக்கிறது. சரியான இடம் 30 பூமி விட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி, 6 மீட்டர் 63 செ.மீ.; பல வகுப்பறைகளின் மறுசுவர். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில், பந்திலிருந்து 62 செ.மீ. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், பந்திலிருந்து 7 மி.மீ. ஆதித்யா எல்-1 நிற்பது 15 லட்சம் கி.மீ. தொலைவில், 25 மீட்டர் கயிறு முடிந்து இன்னும் 90 செ.மீ. போக வேண்டும்.

மறுநாள் அதே பந்து சூரியன். இப்போது 1 மி.மீ. என்பது 6,330 கி.மீ. பூமி 2 மி.மீ., கடுகு ஒன்று, 23.6 மீட்டரில். வெள்ளி 1.9 மி.மீ., அதுவும் கடுகுதான், 17.1 மீட்டரில். புதன் 0.77 மி.மீ., ரவை, 9.1 மீட்டரில். செவ்வாய் 1.07 மி.மீ., கசகசா, 36 மீட்டரில். வியாழன் 22.6 மி.மீ., நெல்லிக்காய், 123 மீட்டரில். சனி 19 மி.மீ., அதைவிடச் சற்றுச் சிறிய நெல்லிக்காய், 226 மீட்டரில். யுரேனஸும் நெப்டியூனும் 8 மி.மீ. அளவு, கொண்டைக்கடலை, 453 மீட்டரிலும் 711 மீட்டரிலும். ஊர்க் கோயில் வாசலில் பந்தை வைத்து நடந்தால் 25 மீட்டர் கயிற்றை 28 முறை போட்டு, மேலும் 11 மீட்டர். அரை மீட்டர் எட்டு வைக்கும் குழந்தைக்கு 1,422 எட்டு. கசகசாவைக் கையில் கொண்டுபோனால் கொள்ளிடக் காற்றில் நிற்காது. சார்ட் துண்டில் செல்லோ டேப்பால் ஒட்டி, சுற்றிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். இல்லாவிட்டால் செவ்வாய் எது, தூசி எது என்று தெரியாது. நெல்லிக்காய் 226 மீட்டர் வரை முழுதாகப் போய்ச் சேருமா என்பதற்கு நான் உறுதி தரமாட்டேன். இரண்டு கூடுதலாக வாங்கலாம்.

இந்த அளவில் ஒளியின் வேகம் நொடிக்கு 4.7 செ.மீ., ஏறத்தாழ எறும்பு ஊரும் வேகம். பந்திலிருந்து கடுகுக்கு 8 நிமிடம் 19 நொடி. நெப்டியூனுக்கு 4 மணி 10 நிமிடம், காலைப் பள்ளி முழுவதையும் தாண்டிய நேரம். சூரியனுக்கு அடுத்த மிக அருகிலுள்ள விண்மீன் சுமார் 6,350 கி.மீ. தள்ளி, அதற்குக் கயிறு போட முடியாது, வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது நிலவில் இருப்பது போன்ற மோதல் பள்ளம். இந்தப் பள்ளக் கணக்குக்கு மூன்று பேசின், மணல், மேலே ஒரு பூச்சு கோலமாவு. ஒரே கோலிக்குண்டை 10, 40, 160 செ.மீ. உயரங்களிலிருந்து விட வேண்டும். உயரம் 4 மடங்கானால் மோதும் ஆற்றலும் 4 மடங்கு. ஆனால் மணலில் பள்ளத்தின் விட்டம் ஆற்றலின் நான்காம் மூலத்தை ஒட்டியே வளரும்; ஆகவே 1.4 மடங்குதான். 16 மடங்குக்கு 2 மடங்கு. 10 செ.மீ.க்கு 3 செ.மீ. பள்ளம் வந்தால் 40-க்கு 4.2, 160-க்கு 6 செ.மீ. எதிர்பார்க்கலாம். குழுவுக்கு உயரம் ஒன்றுக்கு 3 முறை, 6 குழுக்களுக்கு 54 பள்ளங்கள். சராசரி எதற்கு என்பது அங்கே புரியும். சந்திரயான் தரையிறங்கி, ஊர்தி ஆகியவற்றின் சோதனைக்கு இஸ்ரோவுக்கும் மணல் தேவைப்பட்டது: நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தசைட் பாறையைப் பொடித்து, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் வழி சுமார் 50 டன் போனது. பிரக்யான் ஊர்தியின் எடை 26 கிலோ, எட்டு வயதுக் குழந்தை ஒன்றின் எடை. நிலவில் அது 4.3 கிலோவாகத் தோன்றும்.

பலூன் ராக்கெட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ட்வைன் நூலில் ஸ்ட்ரா, ஸ்ட்ராவில் பலூன். 3 முறை விட்டு, தூரத்தை அளந்து, நடுவெண் எடுத்தால் முடிந்தது.

நிலா நாட்காட்டிக்கு 30 இரவுகள், இரவுக்கு 4 நிமிடம். அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு 29.53 நாள்; நிலா அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27.32 நாள். வேறுபாடு 2.21 நாள். இந்த ஊருக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. ஊர்க் கோயிலின் நந்தி கல்யாணம் பங்குனி புனர்பூசத்தில். பங்குனியில் சூரியன் மீனத்தில், 330 முதல் 360 பாகைக்குள். புனர்பூசம் 80 முதல் 93.3 பாகை வரை. ஆகவே நிலா சூரியனிலிருந்து 80 முதல் 123 பாகை வரை விலகி நிற்கும். திதி வளர்பிறை சப்தமியிலிருந்து ஏகாதசிக்குள். ஒளிரும் பகுதி 41 முதல் 77 சதவீதம். எந்த ஆண்டானாலும் கல்யாணத்தன்று பௌர்ணமி வராது, அமாவாசையும் வராது. பஞ்சாங்கத்தைத் திறக்காமலே ஐந்தாம் வகுப்பு இதைச் சொல்லிவிடலாம்.

இதற்கெல்லாம் இப்போது என்ன அவசரம் என்று கேட்பவரிடமும் ஓர் எண் இருக்கிறது. ஏசர் என்னும் ஊரகக் கல்வி ஆய்வுப்படி தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் கழித்தல் செய்யத் தெரிந்தவர்கள் 2018-இல் 25.9 சதவீதம், கொரோனாவுக்குப் பின், 2022-இல் 11.2 சதவீதம். கழித்தல் தெரியாத குழந்தைக்கு நெப்டியூன் எதற்கு என்பது நியாயமான கேள்வி. நிழல் அளவில் நாளுக்கு 6 கழித்தல், 4 நாளுக்கு 24. பள்ளக் கணக்கில் குழுவுக்கு 3 கூட்டல், 3 வகுத்தல். தூரக் கணக்கில் 8 பெருக்கல். இவை பயிற்சித்தாளில் வரும் கழித்தலைவிட மேலானவை என்று எண்ணால் நிறுவ என்னிடம் ஒன்றுமில்லை. விடை தவறினால் குச்சி காட்டிக்கொடுக்கும் என்பது மட்டும் வேறுபாடு.

திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கி.மீ. 30 குழந்தைகளுக்கு வண்டி வாடகை 8,000 ரூபாய் என்று வைத்தால், ஒரு நாள் பயணம் நம் பட்டியலின் சராசரி ஆண்டுச் செலவில் 12.8 மடங்கு. கோளரங்கம் வேண்டாம் என்பதல்ல. ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒருமுறை போகட்டும்.

கடைசியாக நேரம். நிழலுக்கு 45 நிமிடம் வீதம் 4 நாள், 3 மணி. பந்துக்கு 2 மணி, நடைக்கு 2, பள்ளத்துக்கு ஒன்றரை, பலூனுக்கு ஒன்றரை, நிலா நாட்காட்டிக்கு 2. மொத்தம் 12 மணி. கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரை ஆண்டுக்குக் கேட்பது 800 கற்பித்தல் மணி; அதில் 1.5 சதவீதம். இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 20,600 ரூபாய்; அகவிலைப்படி நீங்கலாக ஆண்டுக்கு 2,47,200; 800-ஆல் வகுத்தால் மணிக்கு 309 ரூபாய். 12 மணிக்கு 3,708 ரூபாய். பொருளும் நேரமும் சேர்த்து முதலாண்டுச் செலவு 4,744 ரூபாய். அதில் பொருளின் பங்கு 22 சதவீதம், ஆசிரியர் நேரத்தின் பங்கு 78 சதவீதம். அகவிலைப்படியைச் சேர்த்தால் இரண்டாவது இன்னும் கூடும்.

30 பேரும் ஒன்றாக வெளியே வந்தால் இரண்டு ஆசிரியருமே வெயிலில் நிற்க வேண்டும். 12 மணி 24 மணியாகிறது, 3,708 ரூபாய் 7,416 ஆகிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பை மட்டும் ஓர் ஆசிரியர் அழைத்துப்போனால், 1 முதல் 3 வரை மூன்று வகுப்புகள் மற்றவர் கையில் 12 மணி நேரம். ஒருவர் பயிற்சிக்குப் போயிருக்கும் நாளில் குச்சி அறைக்குள்ளேயே இருக்கும். அந்த நாள் ஆகஸ்ட் 24 ஆக இருந்தால், அடுத்த வாய்ப்புக்கு ஏப்ரல் 18 வரை 237 நாள்.